ஊர் மாதிரிக் கிடக்கு

ரொறன்ரோவில் இருக்கிற நம் சனத்திடம் ஒரு பழக்கம் உண்டு. நல்ல கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைக் கையில் எடுத்தாலும் சரி, ஒரு வீட்டுப் பின்வளவில் நாலு கத்தரிக்கன்று நிற்கக் கண்டாலும் சரி, "அப்பிடியே ஊர் மாதிரி" என்பார்கள். அதற்கு மேலே ஒரு பாராட்டு நம்மிடம் கிடையாது. அந்த ஊரை விட்டு எப்படியாவது வெளியேற வேண்டும் என்று எத்தனை பேர் எத்தனை கோயிலில் நேர்த்தி வைத்தார்கள் என்பது விமானம் ஏறியதும் எல்லோருக்கும் மறந்துபோய்விட்டது. பேர்ணடெற்றுக்கு மட்டும் மறக்கவில்லை.

அவள் பிறந்தது நெடுந்தீவில். படங்களில் பார்க்கிறவர்களுக்கு அது அழகான இடம். கல்வேலி, குதிரை, கடல் என்று வாய் பிளப்பார்கள். பேர்ணடெற்றைக் கேட்டால், ஒரு கல்வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொரு கல்வேலி இருந்தது, அதற்கு அந்தப் பக்கம் கடல் இருந்தது, வேறு ஒன்றும் இல்லை என்பாள். தேத்தண்ணியிலும் உப்பு. பொழுதுபட்டால் இருட்டு. வருடத்துக்கு ஒரு கோயில் பெருநாள், இடையிடையே ஒரு கலியாணம், ஒரு செத்தவீடு. அவற்றுக்கு நடுவே காற்று அடித்துக்கொண்டேயிருக்கும். சின்ன வயதிலேயே படகுத்துறையில் போய் நின்று யாழ்ப்பாண ரவுணிலிருந்து வந்து இறங்குகிறவர்களின் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டிருப்பாளாம்.

அவளுக்குப் பத்து வயதாக இருந்தபோது தங்கை றீற்றாவுக்குக் காய்ச்சல் வந்தது. வாடைக்காற்றுக் காலம். கடல் கொந்தளித்துக்கொண்டிருந்ததால் படகு ஓடவில்லை. தகப்பன் துறைக்கும் வீட்டுக்குமாக நடந்தார், தாய் செபமாலையும் கையுமாக இருந்தாள். கடல் அடங்குவதற்கு முன்பே பிள்ளை அடங்கிவிட்டது. ஆண்டவர் எடுத்துக்கொண்டார் என்று சுவாமியார் சொன்னார். ஆண்டவருக்கு ரவுணில் இருக்கிற பிள்ளைகளை எடுப்பது மட்டும் ஏன் இவ்வளவு லேசில்லை என்று பேர்ணடெற் யோசித்தாள், ஆனால் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் றீற்றாவின் பெயரை ஒருவரும் எடுப்பதில்லை. எடுத்தால் தாய் மயங்கி விழுந்துவிடுவாள். இருந்த ஒரேயொரு தம்பி ஜோசப் அப்போது கைக்குழந்தை, அவனுக்கு அப்படி ஒரு அக்கா இருந்ததே சரியாகத் தெரியாது. பேசாமலிருப்பது பேர்ணடெற்றுக்கும் பழகிப்போயிற்று.

"கெட்டும் பட்டணம் சேர்" என்று ஒரு பழமொழி இருக்கிறது. தகப்பன் அதை மகளைப் பழிப்பதற்காகச் சொல்வார். மகளோ அதை ஒரு உத்தரவாகவே எடுத்துக்கொண்டாள். மன்னார்ப் பக்கத்திலிருந்து சீமோனின் கலியாணப் பேச்சு வந்தபோது மாப்பிள்ளை கறுப்போ சிவப்போ என்று அவள் கேட்கவில்லை. எங்கே இருக்கப்போகிறோம் என்று கேட்டாள். யாழ்ப்பாண ரவுணில், ஆஸ்பத்திரி வீதிக்குப் பக்கத்தில் என்றார்கள். அடுத்த கேள்வி இல்லாமல் தலையை ஆட்டினாள்.

பிறகு சண்டை, இடம்பெயர்வு, கொழும்பு, கனடா. அந்தக் கதை எல்லோருடைய கதைதான், விட்டுவிடுவோம். ஸ்காபரோவில் டோர்செட் பார்க்கில் பதினைந்தாம் மாடியில் ஒரு அப்பாட்மென்ற் எடுத்து, கதவைத் திறந்து பல்கனியில் போய் நின்று கீழே பார்த்த அந்தப் பின்னேரம், பேர்ணடெற் தன் வாழ்க்கையில் முதன்முதலாகக் கர்த்தருக்கு மனதார நன்றி சொன்னாள். கெனடி ரோட்டில் பஸ் பின்னால் பஸ் போய்க்கொண்டிருந்தது. எத்தனையோ ஆயிரம் சன்னல்களில் வெளிச்சம் எரிந்தது.

சீமோன் அந்தப் பல்கனியில் இருந்துதான் முப்பது வருடமாக ஊரைப் பற்றி அழுதான். பனங்கிழங்கு, கிணற்றுத் தண்ணி, வேப்பங்காற்று. மகன் யூட்சன் அதைக் கேட்டுக்கேட்டே வளர்ந்தான். பேர்ணடெற் குசினிக்குள் நின்று, "போனால் ஒரு கிழமை இருப்பியளோ?" என்று தனக்குள் முணுமுணுப்பாள். வெளியே சொல்வதில்லை. மனுசன் பிஸ்கற் தொழிற்சாலையில் நின்று களைத்து வருகிறது, அதற்கு மிஞ்சியிருக்கிற ஒரே சுகத்தை ஏன் கெடுப்பது என்று விட்டுவிடுவாள். விட்டது பிழை என்று பின்னாளில் தெரிந்தது.

அவளுடைய சுகம் வேறு. லிப்டுக்குள் ஏறினால் கீழே போய்ச் சேர்வதற்குள் சோமாலிக்காரியின் மகளுக்குப் பரீட்சை எப்படி, பிலிப்பினோ மனுசிக்குக் கால் எப்படி என்று எல்லாம் விசாரித்துவிடலாம். கருவாடு பொரித்தால் பக்கத்து வீட்டுக்காரன் சுவரில் தட்டுவான், அவன் என்னவோ வறுத்தால் இவள் தட்டுவாள். மாதத்தில் ஒருமுறை தீ மணி அடிக்கும், எல்லோரும் இரவு உடுப்போடு கீழே இறங்கி நின்று ஊர்வம்பு அளப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவள் நினைத்த இடத்துக்கு நினைத்த நேரத்தில் போவாள். பயண அட்டையைத் தட்டிவிட்டு பஸ்ஸில் ஏறிக் குந்தினால் சரி. போகட்டோ என்று யாரிடமும் கேட்டதில்லை, கொண்டுபோய் விடு என்று யாரிடமும் கெஞ்சியதில்லை. படகுக்காகக் காத்திருந்து வளர்ந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய விசயம் என்று கார் வைத்திருக்கிறவர்களுக்கு விளங்காது.

பதினோராம் மாடியில் கிளடிஸ் இருந்தாள். குருநகர்க்காரி, புருசன் இல்லை, லெஸ்லி என்று ஒரு மகன், வாயும் கொஞ்சம் நீளம். சனிக்கிழமைகளில் இரண்டு பேரும் மோலுக்குப் போய் ஆளுக்கொரு கோப்பியோடு இருந்து, போகிற வருகிற சனத்தைப் பார்த்து விமர்சனம் செய்வார்கள். ஒன்றும் வாங்குவதில்லை. இருபத்தைந்து வருடமாக ஒருவரை ஒருவர் "நீர்" என்று கூப்பிட்டு, மாதத்தில் ஒருமுறை கோபித்து, மறுநாள் மீன் குழம்பு கொடுத்து ராசியாகிவிடுவார்கள்.

சீமோன் போய்ச் சேர்ந்த பிறகு யூட்சனும் அவன் மனைவி நடாஷாவும் வீடு தேடத் தொடங்கினார்கள். இரண்டு அறைக்குள் மூன்று பேர் என்றால் யாருக்கும் மூச்சுமுட்டத்தான் செய்யும். ஸ்காபரோவில் விலை எட்டாது, அதனால் வடக்கே பார்த்தார்கள். அப்படித்தான் ஒரு புரட்டாதி மாத ஞாயிற்றுக்கிழமை ஸ்ரௌவ்வில்லில் ஒரு புதுவீட்டுக்குப் பேர்ணடெற்றையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். வீடு விற்றுத் தருகிற ராகுலன் என்ற பொடியன் வாசலில் பல்லெல்லாம் தெரிய நின்றான்.

வீடு பெரிசு, குறை சொல்வதற்கில்லை. பேர்ணடெற் பின்கதவைத் திறந்து வெளியே பார்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் சோளவயல். அதற்கு அந்தப் பக்கம் இன்னொரு வயல். கண் எட்டிய தூரத்துக்கு ஒரு மனுச நடமாட்டம் இல்லை, காற்று மட்டும் அடித்தது.

"எப்பிடி அம்மா?" என்று யூட்சன் கேட்டான்.

"ஊர் மாதிரிக் கிடக்கு" என்றாள் அவள்.

அவள் சொன்ன தொனியைச் சீமோன் கேட்டிருந்தால் உடனே காரைத் திருப்பு என்றிருப்பான். மகனுக்கு அந்த நுணுக்கம் தெரியாது. அவனுக்கு அந்தச் சொல் தகப்பன் வாயிலிருந்து வந்த சொல். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. ராகுலன் கையைத் தட்டி, "பாத்தீங்களோ அண்ணை, அன்ரி ஒரு சொல்லில முடிச்சுப்போட்டா" என்றான். "மாமிக்குப் பிடிச்சா எங்களுக்கு ஓகேதான்" என்றாள் நடாஷா. அவள் இங்கே பிறந்த பிள்ளை, பிள்ளைகள் பிறந்தால் ஓடித்திரிய இடம் வேண்டும் என்பது மட்டுந்தான் அவளுடைய யோசனை. யூட்சன் தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். அந்தப் பிடிக்குள் நின்றுகொண்டு, நான் சொன்னது அந்தக் கருத்தில் இல்லையடா என்று எந்தத் தாய் சொல்லுவாள்? தவளை தன் வாயால் கெட்டது.

வங்கிக்காரன் கடன் இல்லை என்பான் என்று கொஞ்ச நாள் நம்பியிருந்தாள். அவனும் ஓம் என்றுவிட்டான்.

புதுவீட்டுக் குடிபூரலுக்கு சுவாமியார் வந்து தண்ணீர் தெளித்தார். வந்த சனம் முழுக்கப் பின்கதவால் எட்டிப் பார்த்து, ஒருவர் தவறாமல், "அப்பிடியே ஊர் மாதிரி" என்றது. பக்கத்துத் தெருவில் ஏற்கெனவே வீடு வாங்கியிருந்த விநாயகமூர்த்தி மட்டும் ஒன்றும் சொல்லாமல் ரோல்ஸ் சாப்பிட்டார். மற்றவர்கள் எல்லோரும் இருட்டுவதற்கு முன் கார்களில் ஏறித் தெற்கே பறந்துவிட்டார்கள்.

யூட்சனும் நடாஷாவும் விடிய முன்னமே வேலைக்கு வெளிக்கிட்டுவிடுவார்கள். இரண்டு பேரும் இரண்டு காரில். அதற்குப் பிறகு பொழுதுபடும் வரை அந்தப் பெரிய வீட்டுக்குள் பேர்ணடெற்றும் குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சலும். தெருவில் நடக்கிற ஆட்கள் இல்லை. கராஜ் கதவு திறக்கும், கார் உள்ளே போகும், கதவு மூடும். அந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்பதைக் காரின் நிறத்தைக் கொண்டுதான் சொல்லலாம். பால் முடிந்தாலும் மகன் வர வேண்டும், தலையிடிக் குளிசை முடிந்தாலும் மகன் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்கு ஸ்காபரோ போகலாம் என்றால், கிழமை முழுக்க அந்த ரோட்டில் ஓடிக் களைத்தவன், "அம்மா, இஞ்ச பக்கத்தில இங்கிலிஷ் பூசை இருக்குத்தானே" என்பான். அங்கே போய் என்ன சொல்லுகிறார்கள் என்று விளங்காமல் முழங்காலில் நின்றுவிட்டு வருவாள்.

வசந்தம் வந்தது. வயலுக்கு உரம் போட்டார்கள். சன்னலைத் திறக்க முடியாத நாற்றம். இத்தனை கடல் கடந்து வந்து கடைசியில் மாட்டுச் சாணத்துக்கே வந்து சேர்ந்தோம் என்று ரெலிபோனில் கிளடிஸுக்குச் சொன்னாள்.

"அப்ப வாருமன்" என்றாள் கிளடிஸ்.

"எங்க வாறது?"

"இஞ்சதான். லெஸ்லி வேலை கிடைச்சுக் கல்கரிக்குப் போட்டான். அவன்ர அறை சும்மா கிடக்கு. நீரும் நானும் கிடந்து சண்டை பிடிப்பம்."

பேர்ணடெற் ரெலிபோனை மற்றக் காதுக்கு மாற்றினாள். "பகிடி விடாதையும்."

"பகிடியில்லை. ஆனா கெதியாச் சொல்லும். படிக்கிற பெட்டை ஒண்டு கேட்டுக்கொண்டு நிக்குது. இந்த மாதம் முடியுறதுக்குள்ள நீர் சொல்லாட்டி அவளுக்குத்தான் குடுப்பன்."

அன்று முழுக்கப் பேர்ணடெற் ஒரு வேலையும் ஒழுங்காகச் செய்யவில்லை. பதினோராம் மாடி, கிழக்குப் பார்த்த அறை. அந்தச் சன்னலால் பார்த்தால் பஸ் தரிப்பிடம் தெரியும் என்று அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அவளுக்கு அந்த அறை வேண்டும். கலியாணத்துக்குத் தலையாட்டிய நாளுக்குப் பிறகு எதையும் அவள் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

ஆனால் எப்படிக் கேட்பது? மகன் அரண்மனை மாதிரி வீடு வாங்கி வைத்திருக்க, தாய் போய் அடுத்தவள் வீட்டு அறையில் இருந்தால் சனம் என்ன பேசும்? மருமகள் துரத்திவிட்டாள் என்று பேசும். நடாஷாவின் மேலே ஒரு குற்றமும் இல்லை, பாவம், ஒவ்வொரு நாளும் வந்தவுடன் "மாமி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிற பிள்ளை. சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் கிடந்து பேர்ணடெற் ஒரு தந்திரம் யோசித்தாள். இரண்டு நாள் நின்றுவிட்டு வருகிறேன் என்று போவது, பிறகு கிளடிஸுக்குக் காய்ச்சல் என்று நாலு நாள், அப்படியே ஒரு கிழமை, ஒரு மாதம். மெல்ல மெல்ல எல்லோருக்கும் பழகிப்போகும். போய் நின்ற பிறகுதான் கிளடிஸுக்கும் ஓம் சொல்வது.

"தம்பி, கிளடிஸ் வீட்டை என்னை ஒருக்கா விடுறியே?"

"இந்தக் கிழமை ஏலாதம்மா. அடுத்த கிழமை பாப்பம்."

அடுத்த கிழமை அவனுக்கு இரண்டு வேலை. அதற்கடுத்த கிழமை கார் பழுதாகிக் கராஜில். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு அது ஒரு அவசரமாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். மாதமோ முடியப்போகிறது. படகு ஓடாத துறையில் நிற்கிற மாதிரி இருந்தது அவளுக்கு.

ஒரு வியாழக்கிழமை காலை பேர்ணடெற் குளித்து, நல்ல சட்டை போட்டு, ஒரு பையில் இரண்டு மாற்றுடுப்பும் குளிசையும் செபப்புத்தகமும் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டாள். தென்பக்கம் போகிற ரெயின் எடுத்தால் கெனடியில் இறங்கலாம், அங்கிருந்து வழி அவளுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். ஸ்ரேசனுக்கு எப்படிப் போவதென்பதும் தெரியும், காரில் போகும்போது பார்த்திருக்கிறாள். காரில் ஐந்து நிமிடமாக இருக்கிற தூரம் காலுக்கு எவ்வளவு என்பதைத்தான் அவள் யோசிக்கவில்லை.

குடியிருப்பு முடிந்த இடத்தில் நடைபாதையும் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு சரளைக்கல்லும், மழைத்தண்ணி ஓடுகிற கானும். லொறிகள் உரசிக்கொண்டு போயின, காற்று சால்வையை இழுத்தது. அவள் கானோரமாகவே நடந்தாள். கொஞ்சம் களைப்பாக இருந்தது, ஆனால் பல நாளுக்குப் பிறகு தன் காலால் ஓரிடத்துக்குப் போகிற சந்தோசமும் இருந்தது. பின்னால் ஒரு பெரிய வண்டி வந்து நின்றது. ஒரு வெள்ளைக்கார மனுசி இறங்கி, மிக இரக்கத்தோடு, உனக்கு ஏதும் உதவி வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றாள் பேர்ணடெற். மனுசி போகவில்லை. ரெலிபோனை எடுத்து யாருக்கோ கதைத்தாள். அந்தப் பக்கத்தில் ஒரு கிழவி கையில் பையோடு நடந்து போனால், அவளுக்கு ஏதோ பிசகியிருக்க வேண்டும் என்பதுதான் முடிவு. ஸ்காபரோவில் அப்படி நடந்தால் பஸ்ஸுக்குப் போகிறாள் என்பார்கள்.

இளம் பொலிஸ்காரன் ஒருவன் வந்தான். மரியாதையான பொடியன். எங்கே போகிறாய் என்று கேட்டான்.

நாம் புறப்படும்போது என்ன சொல்லுவோம்? "வீட்டை போறன்" என்போம். அதுதான் அவள் வாயிலும் ஆங்கிலத்தில் வந்தது. வீட்டுக்குப் போகிறேன் என்றாள். வீடு எங்கே என்றான். யோசிக்காமல், மூச்சுவிடாமல், கெனடி ரோட்டு இலக்கத்தையும் பதினைந்தாம் மாடி அப்பாட்மென்ற் இலக்கத்தையும் ஒப்புவித்தாள். முப்பது வருடம் சொன்ன விலாசம், நாக்கு தன்பாட்டில் சொல்லிவிட்டது. அவன் அவளுடைய கைப்பைக்குள் இருந்த அடையாள அட்டையைப் பார்த்தான். அதில் ஸ்ரௌவ்வில் விலாசம் இருந்தது.

"உன் வீடு இங்கேதான் இருக்கிறது, அம்மணி" என்றான் அவன், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக.

"அது என் மகனின் வீடு" என்றாள் பேர்ணடெற். அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அவன் தலையை ஆட்டிய விதத்திலேயே காரியம் கெட்டுவிட்டது என்று அவளுக்கு விளங்கியது.

பொலிஸ் கார் வாசலில் வந்து நின்றதை விநாயகமூர்த்தி கண்டார். அவர் கண்டால் இரண்டு தெருவும் கண்ட மாதிரி. யூட்சன் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தான், முகம் வெளிறிப்போயிருந்தது. தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, ரோட்டில அடிபட்டிருந்தா நான் என்ன செய்யுறது?" என்று அழுதான். அவன் அழுததைக் கண்டு, கிளடிஸ் வீட்டு அறையைப் பற்றிச் சொல்ல எடுத்த வாயை அவள் மூடிக்கொண்டாள். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம்.

அடுத்த கிழமையே டொக்டரிடம் கொண்டுபோனார்கள். ஸ்ரௌவ்வில் கடைவீதியில் இருக்கிற டொக்டர், நம் பிள்ளைதான், ஆனால் தமிழ் அரைகுறை. தாளில் மணிக்கூடு கீறச் சொன்னாள், பேர்ணடெற் கீறினாள். சிங்கத்தையும் ஒட்டகத்தையும் காட்டி இவை என்ன என்றாள், சொன்னாள். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டபோது பேர்ணடெற் தடுமாறினாள். டோர்செட் பார்க்கில் அவளுக்குக் கிழமை தவறியதே கிடையாது. செவ்வாய் மீன் கடையில் புது மீன், வெள்ளி கோயில், சனி கிளடிஸ். இங்கே எல்லா நாளும் ஒரே நாள், அதில் செவ்வாய் எது புதன் எது என்று எதைக் கொண்டு பிடிப்பது? செவ்வாய் என்றாள். அன்று புதன்.

"இப்ப நாங்கள் எந்த சிற்றியில இருக்கிறம், அன்ரி?"

பேர்ணடெற்றுக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. "சிற்றியோ? இஞ்ச எங்க பிள்ளை சிற்றி இருக்கு?" என்றாள்.

கிளடிஸாக இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். டொக்டர் பிள்ளை சிரிக்கவில்லை. எதையோ எழுதிக்கொண்டாள். பிறகு யூட்சனைத் தனியாகக் கூப்பிட்டு, மறதிநோயின் தொடக்கநிலையாக இருக்கலாம், சரியாகச் சொல்ல முடியாது, கவனமாகப் பாருங்கள் என்றாளாம். குணம் மாறலாம், இல்லாததை இருந்ததாகச் சொல்லலாம் என்றும் சொன்னாளாம். பிள்ளை நல்ல எண்ணத்தோடுதான் சொன்னாள். இந்தக் கதையில் எல்லோரும் நல்ல எண்ணத்தோடுதான் எல்லாவற்றையும் செய்தார்கள்.

முன்கதவில் ஒரு கருவி பூட்டினார்கள். கதவைத் திறந்தால் யூட்சனின் ரெலிபோனில் மணி அடிக்கும். அடுப்பின் திருகுகளை நடாஷா கழற்றி எங்கோ வைத்தாள். பின்கதவு மட்டும் திறந்து கிடந்தது, அந்தப் பக்கம் போக ஒரு இடமும் இல்லை என்பதால்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது பேர்ணடெற்றுக்குப் பொறுமை போய்விட்டது. சனம் என்னவும் சொல்லிவிட்டுப் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கையைக் கழுவிவிட்டு வந்து சாப்பாட்டு மேசையில் மகனுக்கு முன்னால் இருந்தாள்.

"யூட்சன், எனக்கு மறதி ஒண்டும் இல்லை. எனக்கு இந்த இடம் பிடிக்கேல்லை. கிளடிஸ் தன்னோட வந்து இருக்கச் சொல்லி அறை தாறாள். நான் போகப்போறன்."

யூட்சன் நடாஷாவைப் பார்த்தான். பிறகு மிக அன்பாக, "அம்மா, நீங்கள்தானே ஊர் மாதிரிக் கிடக்கு எண்டு ஆசைப்பட்டனீங்கள். அதுக்காகத்தானே இந்த வீட்டை வேண்டினது. எனக்கும் இவ்வளவு தூரம் ஓடுறது சுகமே?" என்றான்.

"ஆசைப்பட்டுச் சொல்லேல்லை. ஊர் எனக்கு ஒருநாளும் பிடிச்சதில்லை."

"அப்பாவும் நீங்களும் எப்பவும் ஊரைப் பற்றித்தானே கதைப்பியள்."

"கொப்பர்தான் கதைச்சவர். நான் குசினிக்க நிண்டனான்." ஒருநாளும் வாயைத் திறந்து சொல்லாத சங்கதி, இப்போது சொல்லாவிட்டால் எப்போது சொல்வது? "அந்த ஊர்தான் றீற்றாவைக் கொண்டது. படகு ஓடாமக் கிடந்து செத்தவள். ரவுணில இருந்திருந்தா அவள் இண்டைக்கும் இருந்திருப்பாள்."

"ஆர் அம்மா றீற்றா?"

"என்ர தங்கச்சி."

நடாஷா கையிலிருந்த கோப்பையை மெல்ல வைத்தாள்.

"உங்களுக்குத் தங்கச்சி இல்லையம்மா" என்றான் யூட்சன். "நீங்களும் ஜோசப் மாமாவும்தான்."

"இருந்தவள். ஆறு வயதில செத்துப்போனாள்."

அவன் எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தான். "ஓம் அம்மா" என்றான். "ஓம், இருந்தவா."

அந்த ஓம் என்ன ஓம் என்று பேர்ணடெற்றுக்குத் தெரியும். பேய்க்குப் பயந்த குழந்தையிடம், ஓம் ஓம், பேயைக் கலைச்சாச்சு என்று சொல்கிற ஓம். அவளுக்குக் கோபம் வந்தது. மேசையில் அடித்தாள், ஒரு தண்ணீர்க் கோப்பை சரிந்தது. மாமி முந்தி இப்பிடிக் கோபப்படுறவ இல்லை என்று நடாஷா மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னது காதில் விழுந்தது. உண்மைதான், முந்தி அவள் கோபப்பட்டதில்லை. முந்திக் கோபப்பட்டிருக்க வேண்டும். இப்போது கோபப்பட்டால் அதுவும் நோய்க்கணக்கில் சேர்ந்துவிடுகிறது, அழுதாலும் சேர்ந்துவிடுகிறது, பேசாமல் இருந்தாலும் சேர்ந்துவிடுகிறது. கொழும்பில் இருக்கிற ஜோசப்பிடம் கேள் என்றாள் பேர்ணடெற். அன்றிரவு யூட்சன் கேட்கவும் கேட்டான். தனக்கு அப்படி ஒருவரும் நினைவில்லை என்று ஜோசப் சொன்னான்.

அடுத்த நாள் காலை பேர்ணடெற் ரெலிபோனை எடுக்கப் போகும்போது அதுவே அடித்தது. கிளடிஸ்.

"என்னம்மா, சாப்பிட்டாச்சோ?"

இருபத்தைந்து வருடத்தில் கிளடிஸ் அவளை அம்மா என்று கூப்பிட்டதே இல்லை. குரலும் கிளடிஸின் குரல் இல்லை. உரத்து, நிறுத்தி நிறுத்தி, காது கேளாதவளோடு கதைக்கிற மாதிரிக் கதைத்தாள்.

"கிளடிஸ், அந்த அறை..."

"அறையைப் பற்றி நீங்கள் யோசியாதேங்கோ. யூட்சன் தம்பி எல்லாம் எனக்குச் சொன்னவர். அங்க உங்களுக்கு நல்ல வீடு இருக்கு, நல்ல காத்து இருக்கு, தங்கமான பிள்ளையள் இருக்கு."

கிளடிஸின் குரலுக்குப் பின்னால் யாரோ சின்னப் பெட்டை சாமான் இழுக்கிற சத்தம் கேட்டது. லெஸ்லியின் அறைக்குள் கட்டிலை நகர்த்துகிறாள் போலிருந்தது. அதற்கும் பின்னால், திறந்த சன்னலுக்கு வெளியே, கெனடி ரோட்டில் ஒரு பஸ் பெருமூச்சு விட்டுக்கொண்டு நின்று திரும்பவும் கிளம்பியது. பேர்ணடெற் ரெலிபோனைக் காதோடு இறுக்கி அழுத்திக்கொண்டு அதைக் கேட்டாள்.

"கேக்குதோ அம்மா? நான் ஆர் கதைக்கிறன் எண்டு தெரியுதோ?"

"தெரியும், கிளடிஸ்" என்றாள் பேர்ணடெற்.

"கெட்டிக்காரி" என்றாள் கிளடிஸ்.